முன்கட்டு சிக்னலை விடாத மடிக்கணினி

கம்பியில்லா வீடு – தொடர் 9

பினாங்கு ஜார்ஜ் டவுனில், லிட்டில் இந்தியாவின் கடைவீடுகளுக்குள் இணையம் பெரும்பாலும் வாசல் வழியாகத்தான் வருகிறது. அஞ்சடி நடைபாதைக்கு மேலே ஓடி வரும் கேபிள், முன்சுவரைத் தாண்டியதும் கல்லாவுக்குப் பின்னால் ஒரு ரௌட்டரில் முடியும். கடைக்கு அது பொருத்தமான இடம். கார்டு தேய்க்கும் கருவி, கியூஆர் பணம் வந்துசேர்ந்ததைச் சொல்லும் கைப்பேசி, சிசிடிவி பெட்டி எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் அந்தக் குடும்பத்தின் மடிக்கணினி இருப்பதோ பின்கட்டு மாடியில். கல்லூரியில் படிக்கும் மகளின் அறை அங்கே. கடை அடைத்த பிறகு அப்பா சரக்குக் கணக்குப் பார்க்கும் மேசையும் அங்கே.

இந்தத் தூரத்தைச் சமாளிக்க இரண்டாவதாக ஒரு பெட்டியை வாங்கி மாடியில் வைக்கிறார்கள். அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனாலும் மடிக்கணினி அதைச் சட்டை செய்வதில்லை.

“அப்பா, லைன் மறுபடியும் தொங்குது.”

“புதுப் பெட்டி உன் ரூமுக்குப் பக்கத்துலதானேம்மா இருக்கு?”

“இருக்குப்பா. ஆனா லேப்டாப் இன்னும் கடை வைஃபையிலதான் நிக்குது.”

பல வீடுகளுக்குப் பழகிப்போன பேச்சு இது. உடனே பழி இணைய நிறுவனத்தின் மேல் விழும், அல்லது பழைய வீட்டின் மேல் விழும். இரண்டையும் மாற்றுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் இரண்டு வைஃபை இருந்தால், எதனோடு சேர்வது என்று முடிவு செய்வது மடிக்கணினிதான். அந்த முடிவை அது எப்படி எடுக்கிறது என்று புரிந்துகொண்டால், பெரும்பாலான வீடுகளில் புதிதாக எதுவும் வாங்காமலே அதை நல்ல சிக்னலுக்கு மாற்றிவிடலாம். சென்ற வாரம் சேனல்களைப் பற்றிப் பார்த்தோம். இந்த வாரம் இந்தத் தேர்வைப் பார்ப்போம்.

நீளமான வீடு, தேயும் அலை

ஜார்ஜ் டவுன் கடைவீட்டின் அமைப்பு வைஃபையைக் கற்றுக்கொள்ள நல்ல பாடம். அகலம் ஐந்தாறு மீட்டர். ஆழம் முப்பது மீட்டர், சில வீடுகளில் அதற்கும் மேல். இரு பக்கமும் பக்கத்து வீட்டோடு பங்கிட்டுக்கொண்ட கனமான செங்கல் சுவர், அதன் மேல் சுண்ணாம்புப் பூச்சு. மாடிக்கு மர உத்தரமும் பலகைத் தளமும். நடுவில் வானம் பார்த்த முற்றம். அதைத் தாண்டினால் பின்கட்டு, சமையலறை, மேலே படுக்கையறை. 1833-இல் எழுந்த குயின் வீதி மகாமாரியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் இந்த அமைப்பை இன்றும் வரிசை வரிசையாகப் பார்க்கலாம்.

இப்படி ஒரு வீட்டில் அலை எப்படித் தேய்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வைஃபை சிக்னலின் பலத்தை டிபிஎம் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு மில்லிவாட் என்பது பூஜ்யம் டிபிஎம். கைக்கு வந்து சேரும் சிக்னல் அதைவிட மிக மிகக் குறைவு என்பதால் எண்கள் மைனஸில் இருக்கும். பத்து டெசிபல் குறைந்தால் பலம் பத்தில் ஒன்றாகிவிட்டது என்று பொருள். இருபது குறைந்தால் நூறில் ஒன்று. முப்பது குறைந்தால் ஆயிரத்தில் ஒன்று.

கல்லாவுக்குப் பின்னால் உள்ள ரௌட்டர் 100 மில்லிவாட்டில், அதாவது பிளஸ் 20 டிபிஎம்மில் ஒலிபரப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை முதல் ஒரு மீட்டரிலேயே சுமார் 40 டெசிபல் இழந்துவிடும். பத்து மீட்டரில் இன்னொரு 20 போகும். ஆகவே சுவரே இல்லாத கடைக்குள் பத்து மீட்டரில் மைனஸ் 40 கிடைக்கும். அது அருமையான சிக்னல். முப்பது மீட்டர் தள்ளிப் பின்கட்டுக்குப் போனால் தூரத்தால் மட்டும் மைனஸ் 50-ஐ நெருங்கும். இடையில் மூன்று குறுக்குச் சுவர்கள் இருந்து, ஒவ்வொன்றும் 8 டெசிபல் பிடித்துக்கொண்டால் மைனஸ் 74. மாடிப் பலகைக்கு இன்னொரு 4. மகளின் மேசையில் வந்து நிற்பது மைனஸ் 78.

அதே மேசையிலிருந்து ஐந்து மீட்டரில், ஒரு பலகைத் தடுப்புக்கு அப்பால், புதுப் பெட்டி இருக்கிறது. அதே கணக்கை அதற்கும் போட்டால் மைனஸ் 38 வருகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் 40 டெசிபல். பத்தாயிரம் மடங்கு பலமான அலை பக்கத்தில் இருக்க, மடிக்கணினி பத்தாயிரத்தில் ஒரு பங்கு அலையைப் பற்றிக்கொண்டு நிற்கிறது.

இவை சராசரிக் கணக்குகள். சுவரில் ஈரம் ஏறியிருந்தால் இழப்பு கூடும். தண்ணீர் இந்த அலைகளை உறிஞ்சக்கூடியது. இரும்பும் எவர்சில்வரும் அலையை ஊடுருவ விடாமல் திருப்பி அனுப்பிவிடும். பாத்திரக்கடையில் அடுக்கி வைத்த குடங்களுக்குப் பின்னால் ரௌட்டரை ஒளித்து வைத்தால், உலோகச் சுவர் எழுப்பியதற்குச் சமம். நகைக்கடைப் பெட்டகமும் நிலைக்கண்ணாடியும் அப்படித்தான். 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு முதல் மீட்டரிலேயே இன்னும் ஆறேழு டெசிபல் கூடுதல் இழப்பு. சுவரிலும் அது அதிகம் இழக்கும். ஆகவே முன்கட்டின் 5 கிகாஹெர்ட்ஸ் பின்கட்டுக்கு வந்து சேர்வதே அரிது. மகளின் மடிக்கணினி பிடித்துக்கொண்டிருப்பது அநேகமாக 2.4 ஆகத்தான் இருக்கும்.

முடிவெடுப்பது யார்?

சிக்னல் இத்தனை மோசமான பிறகும் மடிக்கணினி ஏன் விடுவதில்லை? இதற்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள் உண்டு. உங்கள் வீட்டில் எது பொருந்துகிறது என்று முதலில் பாருங்கள்.

முதல் காரணம், இரண்டு பெட்டிகளுக்கும் வெவ்வேறு பெயர் இருப்பது. ஒன்றுக்கு ‘கடை’, இன்னொன்றுக்கு ‘மாடி’ என்று பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். மடிக்கணினியின் பார்வையில் இவை சம்பந்தமே இல்லாத இரண்டு நெட்வொர்க்குகள், இரண்டு அடுத்தடுத்த வீடுகளின் வைஃபை போல. ஒன்றில் இணைந்திருக்கும்போது மற்றதன் பலத்தைப் பார்த்துத் தானாகத் தாவுவது அதன் வழக்கமல்ல. பிடித்த இணைப்பு முற்றிலும் அறுந்தால்தான் அடுத்ததைத் தேடும். கணினியைத் திறந்ததும் எதில் சேர்வது என்பதிலும் சிக்னல் பலம் முதல் அளவுகோல் அல்ல. விண்டோஸ் தன்னிடம் ஒரு விருப்ப வரிசையை வைத்திருக்கிறது. அந்த வரிசையில் மேலே உள்ள பெயர் காதில் விழுந்தால் போதும், அதில் சேர்ந்துவிடும். விண்டோஸ் 7-இல் இந்த வரிசையைத் திரையில் பார்த்து மேலும் கீழுமாக நகர்த்த வசதி இருந்தது. விண்டோஸ் 8-இல் அந்தத் திரை போய்விட்டது. வரிசை மட்டும் உள்ளே தங்கிவிட்டது. பகலில் கடையில் உட்கார்ந்து வேலை பார்த்த கணினி, இரவு மாடிக்கு வந்து திறந்தாலும் ‘கடை’யையே பிடிப்பது இதனால்தான்.

இரண்டாவது காரணம், பெயர் ஒன்றாகவே இருந்தாலும் கணினி பொறுமையாகக் காத்திருப்பது. ஒரே பெயரில் இரண்டு பெட்டிகள் இருந்தால் கணினி ஒன்றிலிருந்து மற்றதற்குத் தானாக மாறும். ஆனால் எப்போது மாறுவது என்பதற்கு அதற்கென்று ஓர் எல்லைக்கோடு உண்டு. ஆப்பிள் நிறுவனம் தன் எல்லையை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. மேக் கணினி, இருக்கும் சிக்னல் மைனஸ் 75 டிபிஎம்முக்குக் கீழே போகும்வரை வேறு பெட்டியைத் தேடுவதே இல்லை. தேடத் தொடங்கிய பிறகும், புதியது 12 டெசிபலாவது கூடுதலாக இருந்தால்தான் மாறும். ஐபோனுக்கு அந்த எல்லை மைனஸ் 70.

நம் கணக்கை இதோடு வைத்துப் பாருங்கள். மாடி மேசையில் மைனஸ் 78 என்பதால், ஒரே பெயர் இருந்தால் மேக் கணினி மாறிவிடும். அதே கணினியைக் கீழே பின்கட்டுச் சமையலறைக்குக் கொண்டுவந்தால் மைனஸ் 74. எல்லைக்கு ஒரு டெசிபல் இந்தப் பக்கம். அங்கே மாடிப் பெட்டியின் சிக்னல் எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் கணினி அதை ஏறெடுத்தும் பார்க்காது. வீட்டிலேயே மிகவும் எரிச்சலூட்டும் இடங்கள் இவைதான்: இணைப்பு அறுவதும் இல்லை, வேலை நடப்பதும் இல்லை.

கணினியைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு பெட்டியை விட்டு மற்றதற்கு மாறும்போது ஒரு கணம் இணைப்பு தடைப்படும். கடவுச்சொல் சரிபார்ப்பு மறுபடி நடக்கும். வீடியோ அழைப்பில் முகம் உறைந்து நிற்கும். சிறு வித்தியாசத்துக்கெல்லாம் மாறிக்கொண்டே இருந்தால் தொல்லை இன்னும் பெரிதாகும். அதனால்தான் பொறியாளர்கள் பொறுமையை அதற்குள் வைத்தார்கள். அந்தப் பொறுமை கடைவீட்டின் முப்பது மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகிவிடுகிறது.

பொள்ளாச்சிக்காரர் தந்த உறுதி

மைனஸ் 78 போன்ற மெலிந்த சிக்னலை வைத்துக்கொண்டு கணினியால் எப்படிக் காலம் தள்ள முடிகிறது என்று கேட்டால், அந்தக் கதையில் ஒரு தமிழ்நாட்டுக்காரர் வருகிறார்.

வீட்டுக்குள் பரவும் அலை நேராக மட்டும் வருவதில்லை. செங்கல் சுவரில் பட்டு, இரும்பு அலமாரியில் பட்டு, இரவில் ஷட்டர் இறங்கிய பிறகு அதிலும் பட்டு, பல எதிரொலிகளாக வந்து சேரும். ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். ஒன்றின் மேல் ஒன்று விழுந்து செய்தியைக் குழப்பும். இந்த எதிரொலிக் குழப்பத்தை அவிழ்க்கும் வழியை ஆஸ்திரேலிய அரசு ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவில் ஜான் ஓசல்லிவன் குழுவினர் 1990-களின் தொடக்கத்தில் கண்டார்கள். விண்வெளியிலிருந்து வரும் மெல்லிய ரேடியோ துடிப்புகளைத் தேடிய அனுபவம் அதற்கு உதவியது. 1996-இல் அவர்களுக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

அதே காலத்தில் இன்னொருவர் எதிரொலியைத் துணையாக மாற்றிக்கொள்ள முடியும் என்றார். அவர் 1944-இல் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். பதினைந்து வயதில் தேசியப் பாதுகாப்பு அகாடமியில் சேர்ந்து இந்தியக் கடற்படை அதிகாரியானவர். 1971 போரில் ஐஎன்எஸ் குக்ரி கப்பல் நீர்மூழ்கித் தாக்குதலில் மூழ்கிய பிறகு, நீருக்கடியில் எதிரியைக் கண்டறியும் சோனார் கருவியை உள்நாட்டிலேயே உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். கடலடியில் எதிரொலிகளைப் பிரித்தறிந்து பழகிய அந்த மனிதர், பின்னர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். பல ஆன்டெனாக்களில் அனுப்பி, பல ஆன்டெனாக்களில் வாங்கினால், வெவ்வேறு பாதையில் வரும் அலைகள் ஒவ்வொன்றிலும் தனித்தனித் தகவலை ஏற்றலாம் என்பது அவர் கருத்து. தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து 1992-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1994-இல் கிடைத்தது. அதுதான் இன்று மைமோ எனப்படும் நுட்பம். 2009-இல் நிறைவேறிய 802.11என் தரநிலையோடு அது வீட்டு வைஃபைக்குள் வந்தது. 2010-இல் பத்மபூஷண், 2014-இல் மார்க்கோனி பரிசு அவரைத் தேடி வந்தன.

லிட்டில் இந்தியாவின் ஒரு மாடியறையில் விரித்து வைத்திருக்கும் மடிக்கணினியின் திரையோரத்தில் இரண்டு மூன்று ஆன்டெனாக்கள் ஒளிந்திருப்பது இந்தக் கண்டுபிடிப்பால்தான். நீண்ட செங்கல் வீட்டில் சிதறும் எதிரொலிகளை அவை சேர்த்து எடுத்துப் பயன்படுத்துகின்றன. ஆனால் அதற்கும் ஓரளவு பலமான அலை வேண்டும். நல்ல சிக்னலில் பல தாரைகளாக ஓடும் தகவல், மைனஸ் 78-இல் ஒற்றைத் தாரையாகி, மிக மெதுவான வேகத்துக்கு இறங்கிவிடும். இணைப்பு உயிரோடு இருக்கும். கணினி அதைப் போதுமென்று எடுத்துக்கொள்ளும். பலமான பெட்டியோடு சேர்த்துவிட்டால்தான் பால்ராஜின் நுட்பம் அதன் முழுப் பலனையும் காட்டும்.

செய்ய வேண்டியவை, வரிசையாக

முதலில் அளந்து பாருங்கள். மேக் கணினியில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை சின்னத்தைச் சொடுக்கினால் ஆர்எஸ்எஸ்ஐ என்ற வரியில் டிபிஎம் எண் தெரியும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஒரு வைஃபை அனலைசர் செயலியை இறக்கி, மடிக்கணினி வைக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். விண்டோஸ் உள்ளே சதவீதக் கணக்கு வைத்திருக்கும்: மைனஸ் 100 என்றால் பூஜ்யம், மைனஸ் 50 என்றால் நூறு. அதன்படி நம் மைனஸ் 78 என்பது 44 சதவீதம். பாதிக்குக் கொஞ்சம்தானே குறைவு என்று தோன்றும். உண்மையில் அது நூறு சதவீதச் சிக்னலின் அறுநூறில் ஒரு பங்குகூட இல்லை. வீடியோ அழைப்புக்கு மைனஸ் 67-க்கு மேல் இருப்பது நல்லது என்பது துறையினர் பொதுவாக வைத்திருக்கும் அளவு.

இரண்டாவது, பெயர் வெவ்வேறாகவே இருக்கட்டும் என்று நினைப்பவர்களுக்கு. மாடியிலேயே இருக்கும் கணினிக்குக் கடை வைஃபை தேவையே இல்லை. விண்டோஸில் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ் என்று போய், கடையின் பெயரைத் தேர்ந்து, எல்லைக்குள் வந்ததும் தானாக இணைக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். மேக்கில் ஆட்டோ ஜாயினை அணைத்துவிடுங்கள். இனி நீங்கள் சொன்னால்தான் அது கடையோடு சேரும். கணினியைத் தூக்கிக்கொண்டு மேலும் கீழும் போகாத வீட்டுக்கு இது ஒன்றே போதும்.

மூன்றாவது, கணினி வீடெங்கும் உலவுகிறது என்றால் இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், ஒரே பாதுகாப்பு முறை வையுங்கள். முறை ஒன்றில் டபிள்யூபிஏ2, இன்னொன்றில் டபிள்யூபிஏ3 என்று இருந்தால் சில கருவிகள் மாறத் தயங்கும். மிக முக்கியமாக, மாடிப் பெட்டியை ஆக்சஸ் பாயின்ட் நிலைக்கு மாற்றுங்கள். வீட்டில் ஐபி முகவரி வழங்குவது ஒரே பெட்டியாக இருக்க வேண்டும். இரண்டும் தனித்தனியே முகவரி கொடுத்தால், கணினி மாடிக்கு மாறும்போது அதன் முகவரியே மாறிப்போகும். நடந்துகொண்டிருந்த அழைப்பு அறுந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றுக்கு சேனல் 1, மற்றதற்கு 6 அல்லது 11 என்று பிரித்து வையுங்கள்.

நான்காவது, முன்கட்டு ரௌட்டரின் பலத்தைக் குறையுங்கள். கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும். ஆனால் நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். கடைத்தெருவில் இரண்டு பாட்டுக்கடைகள் அடுத்தடுத்து ஒலிபெருக்கி வைத்துப் பாட்டுப் போடும்போது, ஒருவர் ஒலியைக் கூட்டினால் அவர் பாட்டு தெளிவாவதில்லை; தெருவே இரைச்சலாகிறது. வைஃபையிலும் இரைச்சல் கூடுவதுதான் மிச்சம். முன்கட்டு ரௌட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் பலத்தை 100 மில்லிவாட்டிலிருந்து 25-க்கு இறக்கினால் 6 டெசிபல் குறையும். கடைக்குள் பத்து மீட்டரில் மைனஸ் 40 இருந்தது மைனஸ் 46 ஆகும். கார்டு கருவிக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் பின்கட்டுச் சமையலறையில் மைனஸ் 74 இருந்தது மைனஸ் 80 ஆகிவிடும். அந்த நொடியே மேக் கணினி எல்லைக்கோட்டைத் தாண்டி, வேறு பெட்டியைத் தேடி, மாடிப் பெட்டியோடு சேர்ந்துவிடும். நல்ல சிக்னலைத் தேர்ந்தெடுக்க வைக்கும் வழி, வேண்டாத சிக்னலை அங்கே எட்ட விடாமல் செய்வது. ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் டிரான்ஸ்மிட் பவர் என்ற பெயரில் இந்த வசதி இருக்கும். சில பெட்டிகளில் லோ, மீடியம், ஹை என்று மட்டும் இருக்கும், மீடியத்தில் தொடங்குங்கள். மைனஸ் 75 போன்ற ஓர் அளவைக் குறித்துவிட்டால், அதற்குக் கீழே போன கருவியைத் தானே வெளியேற்றும் வசதியும் சில பெட்டிகளில் உண்டு.

ஐந்தாவது, கணினியின் பொறுமையைக் கொஞ்சம் குறைப்பது. இன்டெல் வைஃபை உள்ள விண்டோஸ் கணினியில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸில் வைஃபை கருவியைச் சொடுக்கி, அட்வான்ஸ்ட் பகுதிக்குப் போனால் ரோமிங் அக்ரெசிவ்னஸ் என்ற வரி இருக்கும். ஐந்து படிகளில் நடுப்படியில் நிற்கும். அதை ஒரு படி உயர்த்தி மீடியம் ஹைக்குக் கொண்டுவாருங்கள். உச்சத்துக்குப் போக வேண்டாம்; இரண்டு பெட்டிகளுக்கும் நடுவிலுள்ள அறையில் கணினி ஓயாமல் தாவிக்கொண்டிருக்கும். அதே பட்டியலில் பிரிஃபர்டு பேண்ட் என்று ஒரு வரி உண்டு. அதில் 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தால், சுவர் தாண்டி வர முடியாத முன்கட்டு 5-ஐ விட்டுப் பக்கத்திலுள்ள மாடிப் பெட்டியின் 5-ஐப் பிடிக்க வாய்ப்பு அதிகம்.

புதிதாக மெஷ் பெட்டிகள் வாங்குபவர்கள் 802.11கே, வி, ஆர் என்ற மூன்று எழுத்துகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பக்கத்தில் எந்தெந்தப் பெட்டிகள் இருக்கின்றன என்று கணினிக்குச் சொல்வது கே. இதற்கு மாறு என்று ஆலோசனை சொல்வது வி. மாறும்போது கடவுச்சொல் சரிபார்ப்பைச் சுருக்குவது ஆர். இவை இருந்தால் மாற்றம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். அப்போதும் இறுதி முடிவு கணினியுடையதுதான். ஆகவே மேலே சொன்ன நான்காவது வழி மெஷ் வீட்டிலும் பயன்படும்.

நிறைந்த கோடுகள், நிறையாத வேகம்

இத்தனையும் செய்த பிறகு மடிக்கணினியில் கோடுகள் நிறைந்து நிற்கும். ஆனாலும் வேகம் இல்லை என்றால், மாடிப் பெட்டி எங்கிருந்து இணையம் பெறுகிறது என்று பார்க்க வேண்டும்.

திரையில் தெரியும் கோடுகள் கணினிக்கும் பக்கத்துப் பெட்டிக்கும் இடையிலான கடைசி ஐந்து மீட்டரை மட்டுமே சொல்கின்றன. மாடியில் வைத்திருப்பது எக்ஸ்டெண்டர் என்றால், அதுவும் கடை ரௌட்டரிலிருந்து காற்று வழியாகவே இணையத்தை வாங்குகிறது. மகளின் அறையில் மைனஸ் 78 என்றால், அதே அறையின் மூலையில் வைத்த எக்ஸ்டெண்டருக்கும் கிட்டத்தட்ட மைனஸ் 78-தான். நலிந்து வந்ததை வாங்கி, அது பலமான குரலில் திருப்பிச் சொல்கிறது. வாங்குவதும் கொடுப்பதும் ஒரே அலைவரிசையில் நடந்தால், அந்த நலிந்த வேகமும் ஏறக்குறையப் பாதியாகும். எக்ஸ்டெண்டரைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால், அதை முற்றத்தின் ஓரத்தில், முன்கட்டு சிக்னல் மைனஸ் 60 அளவில் இருக்கும் இடத்தில் வையுங்கள். முற்றம் திறந்த வெளி. அங்கிருந்து மாடி சன்னலுக்கு அலை தடையின்றி ஏறும். மடிக்கணினியில் ஒரு கோடு குறையும்; வேகம் கூடும்.

மடிக்கணினி தேட வேண்டியது பலமான சிக்னலை. நாம் தேட வேண்டியது, அந்தச் சிக்னலுக்குப் பின்னால் பலமான வழி இருக்கிறதா என்பதை.

முற்றம் வழியே ஒரு கேபிள்

அந்த வழிக்கு லேன் கேபிளை மிஞ்ச ஒன்றும் இல்லை. நூறு மீட்டர் வரை அது சேதாரமின்றித் தகவலைச் சுமக்கும். கடைவீட்டின் முப்பது மீட்டர் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. ஒரு முனை கடை ரௌட்டரில், மறு முனை ஆக்சஸ் பாயின்ட் நிலையில் உள்ள மாடிப் பெட்டியில்.

இங்கே ஒரு கவனம் தேவை. ஜார்ஜ் டவுன், மலாக்காவோடு சேர்ந்து 2008 ஜூலை 7 அன்று யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. லிட்டில் இந்தியா அந்த 259.42 ஹெக்டேர் பரப்புக்குள் அமைந்திருக்கிறது. இங்கே கட்டடங்களை வகை ஒன்று, வகை இரண்டு என்று பிரித்துக் காக்கிறார்கள். மாற்றம் செய்யப் பினாங்கு தீவு மாநகர் மன்றத்தின் விதிகள் உண்டு. பக்கச் சுவர் பக்கத்து வீட்டுக்காரரின் சுவரும்கூட. பழைய சுண்ணாம்புப் பூச்சில் துளைக்கருவி வைத்தால் உள்ளங்கை அளவுக்குப் பெயர்ந்து விழும். ஆகவே சுவரைத் துளைக்க வேண்டாம். பலகைத் தளத்துக்கும் உத்தரத்துக்கும் இடையில் கேபிள் ஓட இடம் இருக்கும். அங்கிருந்து முற்றத்துக்கு வந்து, மழைநீர்க் குழாயை ஒட்டி ஒரு பிவிசி குழாய்க்குள் மேலேறி, சன்னல் சட்டத்தின் மூலை வழியாக அறைக்குள் போகலாம். முற்றத்தில் மழையும் வெயிலும் படும் என்பதால் வெளிப்புறத்துக்கான கேபிள் கேட்டு வாங்குங்கள். மின்கம்பியோடு ஒன்றாகக் கட்ட வேண்டாம். வெளிச்சமும் காற்றும் வருவதற்காக முன்னோர் திறந்து வைத்த முற்றம், வீட்டுக்குக் கீறல் விழாமல் இணையத்தையும் மாடிக்குக் கொண்டுபோகும்.

இதை நான் இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-இல் முடிவுக்கு வந்தது. அதன்பின் வாடகை உயர, ஜார்ஜ் டவுனின் உள்நகரிலிருந்து ஏராளமான குடும்பங்கள் வெளியேறின. கடைகள் இருந்தன, மேலே வாழ்ந்தவர்கள் குறைந்தார்கள். யுனெஸ்கோ பாராட்டியது கட்டடங்களை மட்டுமல்ல, அவற்றில் பல இனத்தவர் சேர்ந்து வாழும் வாழ்க்கையையும்தான். மாடியில் ஒரு பெண் படிக்கவும், ஒருவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கவும் முடியாத வீட்டில் அடுத்த தலைமுறை தங்காது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, பள்ளிக்கூடமே மடிக்கணினிக்குள் புகுந்தபோது இது நாடு முழுவதற்கும் விளங்கியது. பூஜைப் பொருள் கடைக்கு மேலே, புடவைக் கடைக்கு மேலே, பலகாரக் கடைக்கு மேலே இன்றும் வாழும் குடும்பங்கள்தான் லிட்டில் இந்தியாவை ஊராக வைத்திருக்கின்றன. அவர்களுக்கு நல்ல இணைப்பு கிடைக்கப் பழைய வீட்டை இடிக்கவும் வேண்டாம், விட்டுப் போகவும் வேண்டாம். ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஒரு மாற்றம், மடிக்கணினியில் ஒரு மாற்றம், முற்றம் வழியே ஒரு கேபிள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். இந்த வாரமே செய்யுங்கள்.

அடுத்த வாரம்: கடைக்கு வருகிற வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுக்கலாமா? கொடுத்தால், கல்லாக் கணக்கையும் சிசிடிவியையும் அவர்கள் கண்ணில் படாமல் பிரித்து வைப்பது எப்படி?